பொன் முதல் பொட்டாசியம் வரை

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் பரம்பில், 1899-ஆம் ஆண்டு முதற்கொண்டு சில வருஷங்கள் அலெக்ஸாண்டர் ரீ என்னும் தொல்பொருள் அதிகாரி தோண்டிப் பார்த்தபோது, முதுமக்கள் தாழிகளின் உள்ளும் புறமுமாகப் பலவகை உலோகப் பொருள்கள் வெளிவந்தன. இறந்தோர் நெற்றியில் கட்டியவை என்று கருதப்படும் மெல்லிய பொற்பட்டங்கள் இருந்தன. எருமையும் சேவலும் உருவமாக நிற்கும் வெண்கலப் பாத்திரங்கள் இருந்தன. வாளும் ஈட்டியும் மண்வெட்டியுமாக இரும்புக் கருவிகள் ஏராளமாக இருந்தன. இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக ஒரே மண்ணில் புதைந்து, ஒரே மழையில் நனைந்து, ஒரே கோடையில் காய்ந்த இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். பொன், கசங்கியிருக்கிறதே ஒழிய நிறம் மாறவில்லை. வெண்கலம் பச்சைக் களிம்பு போர்த்துக்கொண்டிருந்தாலும் உருவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரும்போ உப்பி, வெடித்து, ஏடு ஏடாக உரிந்து, வாள் எது உறை எது என்று பிரித்தறிய முடியாதபடி பழுப்பு மண்ணாகிக்கொண்டிருக்கிறது.

மண் எந்த உலோகத்துக்கும் பட்சபாதம் காட்டவில்லை. பேதம் அந்த உலோகங்களின் சுபாவத்திலேயே இருக்கிறது. அந்தச் சுபாவத்தை ரசாயன சாஸ்திரிகள் வினைத்திறன் என்று வழங்குகிறார்கள்.

உலோகங்கள் அனைத்துக்கும் பொதுவான குணங்களாக நாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவை, அதாவது பளபளப்பு, அடித்தால் தகடாகவும் இழுத்தால் கம்பியாகவும் நீளுதல், உஷ்ணத்தையும் மின்சாரத்தையும் கடத்துதல் ஆகிய இவையெல்லாம், அவற்றின் அணுக்கள் தம்முடைய வெளிப்புற எலெக்ட்ரான்களை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்கிற ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. அதே தளர்ச்சிதான், பிராணவாயு, கந்தகம், குளோரின் போன்று எலெக்ட்ரானுக்கு ஏங்கித் திரியும் பதார்த்தங்கள் எதிர்ப்படும்போது, உலோகம் தன் எலெக்ட்ரான்களை அவற்றிடம் தத்தம் செய்துவிட்டு உலோகத்தன்மையையும் இழந்துவிடுவதற்குக் காரணமாகிறது. பொட்டாசியத்தின் அணுவில் ஒற்றை எலெக்ட்ரான் ஒன்று கருவிலிருந்து வெகுதூரத்தில், உள்வட்ட எலெக்ட்ரான்களின் மறைப்புக்கு அப்பால் இருப்பதால், அதைப் பிரிப்பதற்குப் பிரயாசையே வேண்டியதில்லை. பொன்னின் கருவிலோ 79 நேர்மின் ஏற்றங்கள் குவிந்திருக்கின்றன. அந்தப் பெருங்கவர்ச்சிக்கு ஈடுகொடுத்துச் சுழலும் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டிவிடுவதனால், ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி அங்கே குறுக்கிட்டு, வெளிவட்டத்தையும் உள்நோக்கிச் சுருங்கச் செய்துவிடுகிறது. பொன்னின் மஞ்சள் நிறத்துக்கும் அதன் அசையாத தன்மைக்கும் இந்தச் சுருக்கம் ஒரு முக்கிய காரணம் என்பதை, நகைக்கடைக்குப் போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் தாலிப் பொட்டிலும் சார்பியல் இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

எந்த உலோகம் எதைவிட வினைத்திறன் மிக்கது என்று அறிவதற்கு நுட்பமான கருவிகள் எதுவும் தேவையில்லை. நம் விவசாயிகள் அந்தப் பரீட்சையைத் தோட்டத்திலேயே செய்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கும் சேர்வராயன் மலையின் காப்பிச் செடிகளுக்கும் பூஞ்சாண நோய் வராமல் தெளிக்கும் போர்டோ கலவையைத் தயாரிக்கிறவர்கள், ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரிலும் கரைத்து, நீலக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குவார்கள். சுண்ணாம்பு போதாமற்போனால் மீந்துநிற்கும் துத்தம் இலையைக் கருக்கிவிடும் ஆகையால், தெளிப்பதற்கு முன்பு, தீட்டிய அரிவாளையோ கத்தியையோ அந்தக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அலகு வெள்ளையாகவே வந்தால் கலவை சரி. செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட வேண்டும். இந்தக் கலவையை இரும்பு டிரம்மிலோ தகர வாளியிலோ கரைக்காமல், மண் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோதான் கரைக்க வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அரிவாளில் நிகழ்ந்தது என்ன? மயில்துத்தம் என்பது செம்பும் கந்தக திராவகமும் சேர்ந்த உப்பு. அந்தக் கரைசலில் செம்பு தன் எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் நீலமாகக் கரைந்து கிடக்கிறது. எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதில் செம்பைவிட அதிக ஆர்வம் உள்ள இரும்பு உள்ளே வந்ததும், தன்னுடையவற்றைச் செம்புக்குக் கொடுத்துத் தான் கரைந்து மறைய, செம்பு உலோகமாக மீண்டு அலகின்மேல் படிந்துவிடுகிறது. மறுபுறமாகச் செய்து பார்ப்போம்: இரும்பின் உப்பாகிய அன்னபேதியைக் கரைத்து அதில் ஒரு செப்புக் காசைப் போட்டால், ஒரு நாள் கழித்துப் பார்த்தாலும் காசின்மேல் இரும்பு படிந்திராது. ஆகவே வரிசையில் இரும்பு மேலே, செம்பு கீழே. செப்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தொங்கவிட்டால், சில நிமிஷங்களிலேயே வெள்ளி ஊசி ஊசியாகக் கம்பியெங்கும் பூத்துவிடும். ஆகவே வெள்ளி செம்புக்கும் கீழே. இவ்வாறு இரண்டிரண்டாகப் போட்டியிட வைத்து, எது எதை வெளியேற்றுகிறது என்று பார்த்துப் பார்த்து, உலோகங்களை ஒரு வரிசையில் நிறுத்தும் காரியத்தைக் கார்கோவ் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த நிக்கொலாய் பெக்கேத்தவ் என்னும் ருஷ்ய ரசாயனி விரிவாகச் செய்து 1865-இல் வெளியிட்டார். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், செம்பு, பாதரசம், வெள்ளி, பொன் என்று இன்று பாடப்புத்தகங்களில் மேலிருந்து கீழாக இறங்கும் வரிசை அந்த வழியில் வந்ததுதான்.

இரும்பு செம்பாக மாறும் இந்தக் காட்சி, ரசவாதிகளுக்கு மிகுந்த நம்பிக்கையை ஊட்டியது என்பதையும் சொல்லவேண்டும். சுரங்கத்திலிருந்து வழியும் நீலத் தண்ணீரில் போட்ட இரும்புத் துண்டு செம்பாகி நிற்பதைக் கண்டவர்கள், ஒரு உலோகம் இன்னொன்றாக மாறுகிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. இரும்பு செம்பானால் செம்பு பொன்னாவதற்கு எத்தனை தூரம்? ஐரோப்பாவில் இந்த மயக்கம் நூற்றாண்டுக்கணக்காக நிலவியது. ஆனால் சீனத்தில் சொங் வமிசத்து அரசாங்கம், பதினோராம் நூற்றாண்டிலேயே, தத்துவ விசாரத்தில் இறங்காமல், அப்படிப்பட்ட ஊற்று நீரில் இரும்புத் தகடுகளைப் போட்டுச் செம்பு எடுத்துக் காசு அடித்துக்கொண்டிருந்தது.

வரிசையைச் சொல்லுகையில் உலோகமல்லாத ஒன்றையும் காரீயத்துக்கும் செம்புக்கும் நடுவில் எழுதிவைப்பார்கள். அது ஹைட்ரஜன். திராவகம் என்று நாம் சொல்லும் புளிப்புப் பொருள்கள் யாவற்றிலும் ஹைட்ரஜன் இருப்பதால், அதற்கு மேலே நிற்கும் உலோகங்கள் திராவகத்தில் கரைந்து ஹைட்ரஜனைக் குமிழி குமிழியாக வெளியேற்றும். கீழே நிற்பவற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. இந்த ஒரு கோட்டில் நம்முடைய சமையலறையின் பழைய ஆசாரங்களில் பாதி அடங்கிக் கிடக்கிறது.

செப்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறவர்கள், கறுத்துப்போன குடம் சில நிமிஷங்களில் செக்கச்செவேலென்று ஆவதைக் காண்கிறார்கள். கறுப்பு என்பது செம்பும் பிராணவாயுவும் சேர்ந்த மெல்லிய படலம். புளியில் உள்ள திராவகம் அந்தப் படலத்தை எளிதாகக் கரைத்துவிடும். படலம் நீங்கி உலோகம் வெளிப்பட்டதும் திராவகம் அங்கேயே நின்றுவிடுகிறது; ஏனெனில் ஹைட்ரஜனுக்குக் கீழே நிற்கும் செம்பினிடத்தில் அதன் ஜம்பம் சாயாது. அழுக்கை மட்டும் எடுத்து உலோகத்தை விட்டுவிடும் இப்படிப்பட்ட துலக்குப் பொருள் வாய்த்தது அதிர்ஷ்டந்தான். அப்படியானால், அதே புளி சேர்ந்த குழம்பைச் செம்பிலோ பித்தளையிலோ ராத்திரி முழுவதும் வைத்திருந்தால் பச்சைக் களிம்பு ஏறி விஷமாகிவிடுவது எப்படி என்று கேட்கலாம். அங்கே மூன்றாவது ஆள் ஒருவன் வந்து சேர்கிறான். ஹைட்ரஜன் வாங்கிக்கொள்ளாத எலெக்ட்ரான்களை, குழம்பில் கரைந்தும் மேலே காற்றிலும் இருக்கும் பிராணவாயு வாங்கிக்கொள்கிறது, உண்டாகும் படலத்தைப் புளி கரைக்கிறது, புதிய உலோகம் வெளிப்படுகிறது, மறுபடியும் பிராணவாயு. துலக்கும்போது சில நிமிஷங்களில் கழுவிவிடுவதால் அற்பமாக இருந்த காரியம், இரவெல்லாம் நடந்தால் ஆபத்தாகிறது.

இதற்காகத்தான் ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தார். துருத்தியடியில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவ, வெள்ளைப் புகை குப்பென்று எழும். அந்தப் புகையோடு செம்பின் மேலிருந்த படலமும் போய்விடும். உடனே வெள்ளீயக் குச்சியைத் தேய்த்து, உருகியோடும் ஈயத்தைத் துணியால் ஒரே வீச்சில் உட்புறம் முழுவதும் பரப்பிவிடுவார். பாத்திரம் உள்ளே வெள்ளியாகிவிடும். வெள்ளீயம் வரிசையில் ஹைட்ரஜனுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ஆகவே புளிப்பில் கரைய வேண்டியதே. ஆனால் அந்த உயரம் மிகச் சிறியதாதலால் கரைவது மகா மந்தம், கரைந்த சொற்பமும் செம்பைப்போல் கெடுதல் செய்வதில்லை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு முழுவதும் இந்த வெள்ளீயமே. 232 டிகிரியில் உருகிவிடும் ஆகையால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றியவர்கள் சொம்பை இழப்பார்கள் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. காசைக் குறைக்க அதில் காரீயம் கலப்பார்கள் என்பது தெரியாத சங்கதி. காரீயம் மெல்லக் கொல்லும் நஞ்சு.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே பிறந்தது என்பது அவர்கள் கருத்து. ரசாயனி இதில் சிறிது மாறுபடுவார். களிம்பு காற்றின் சகவாசத்தால் வந்தது. ஆனால் அந்தச் சகவாசத்துக்கு இடங்கொடுக்கும் குணம் செம்புக்குச் சகஜமானது என்று அவர் சமாதானம் சொல்லக்கூடும்.

இனி, இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தால் வேறொன்று புலப்படும். மனிதன் உலோகங்களைக் கண்டுபிடித்த சரித்திரமே ஏறக்குறைய அந்த முறையில்தான் அமைந்திருக்கிறது. பொன் எதனோடும் சேராமல் தானாகவே ஆற்று மணலில் மின்னுவதால், குனிந்து எடுப்பதே வேலையாக இருந்தது. செம்பு சில இடங்களில் உலோகமாகவே கிடைத்தது. கனியத்திலிருந்து அதைப் பிரிப்பதற்கும் கரி நெருப்புப் போதுமாயிருந்தது. இரும்போ பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், அதிகக் கரியும் அதிக உஷ்ணமும் ஓயாத துருத்தியும் வேண்டியிருந்தன. ஆகவே பெரும்பாலான தேசங்களில் இரும்பு செம்புக்குப் பின்னரே வந்தது. இவையெல்லாம் கரியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சூட்டில் கரி அவற்றின் பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும்.

துத்தநாகத்தில்தான் முதல் சங்கடம் வந்தது. கரி அதனிடமிருந்து பிராணவாயுவைப் பறிப்பதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு தேவை; ஆனால் அந்த உலோகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையில் பிறந்த துத்தநாகம் பிறந்த க்ஷணத்திலேயே ஆவியாய் மேலெழுந்து, காற்றுப் பட்டதும் மறுபடி எரிந்து வெண்பொடியாய்ப் போய்விடுவதனால், மண்பாண்ட உலை வைத்திருந்த எல்லா நாட்டாரும் அதைக் கையில் பிடிக்க முடியாமல் தோற்றார்கள். ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகில் ஜாவர் என்னும் மலையூரில் இருந்த கொல்லர்கள் அதைப் பிடித்தார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் மூசைகள் வனைந்து, கனியத்தையும் கரியையும் அவற்றில் அடைத்து, நீண்ட கழுத்தைப் பொருத்தி, மூசையைத் தலைகீழாகக் கவிழ்த்து, துளையிட்ட தளத்தின்மேல் உலைக்கு 36 வீதம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மேலே நெருப்பு, கீழே கழுத்து நீளும் அறை குளிர்ச்சி. ஆவி மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி, காற்றுப் புகாத அந்தக் கழுத்தில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக அடிப்பாத்திரத்தில் விழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு அளவிலேயே அங்கே பெருவாரியாக இத்தொழில் நடந்ததற்குச் சான்றாக, பயன்படுத்தித் தீர்ந்த மூசைகள் மலையடிவாரமெங்கும் குன்று குன்றாகக் கிடக்கின்றன. ஊரார் அவற்றைச் சுவரெழுப்பிக் குடியிருக்கவும் உபயோகித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1738-இல்தான். அவருடைய உலையிலும் ஆவி கீழ்நோக்கியே இறங்கியது என்பதைக் கவனிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமல் இராது.

துத்தநாகத்துக்கும் மேலே நிற்பவை கரிக்கு அடங்காதவை. அவற்றை உப்புகளிலிருந்து விடுவிக்க, எலெக்ட்ரான்களை வலுக்கட்டாயமாகத் திணிக்கக்கூடிய ஒரு சக்தி வேண்டியிருந்தது. 1800-இல் இத்தாலியரான வோல்டா, துத்தநாக வில்லையும் வெள்ளி வில்லையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து அந்தச் சக்தியை உண்டாக்கினார். வரிசையில் மேலே நிற்கும் உலோகம் கீழே நிற்பதற்கு எலெக்ட்ரானை அனுப்பும் அதே சுபாவத்தைக் கம்பி வழியாகத் திருப்பிவிட்டதுதான் அவர் செய்த யுக்தி. அதைக் கொண்டு, 1807-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் தேதி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி, சற்றே ஈரமேறிய பொட்டாஷ் உப்பை பிளாட்டினத் தட்டில் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். உப்பு உருகிற்று, பாதரசத் துளிகளைப்போல் சிறு சிறு உருண்டைகள் தோன்றின, சில தோன்றியவுடனே வெடித்து எரிந்தன, சில வெள்ளைத் தோல் மூடி மங்கின. இருபத்தொன்பது வயதுகூட நிரம்பாத டேவி அறை முழுவதும் ஆனந்தக் கூத்தாடினார் என்று, உடனிருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி சொல்லியிருக்கிறார். பொட்டாசியம் தண்ணீரைவிட இலேசு. தண்ணீரில் போட்டால் மிதந்து, தன் சூட்டிலேயே உருகி, இங்குமங்கும் ஓடி, வெளிவரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள இளம் ஊதாச் சுவாலையாக எரிந்துபோகும். அதைக் காற்றும் ஈரமும் அண்டாமல் மண்ணெண்ணெய்க்குள்தான் பாதுகாக்க முடியும். சில நாட்களில் சோடியமும், அடுத்த வருஷம் கால்சியமும் மக்னீசியமும் அவர் கையிலேயே பிரிந்தன. ஆதிச்சநல்லூர்க் கொல்லன் இரும்பை வென்றதற்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்கள் கழிந்திருந்தன.

வரிசை சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறவர்களைத் திகைக்க வைப்பது அலுமினியம். துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் மேலே, மக்னீசியத்துக்கு அடுத்தபடியாக நிற்கும் இந்த உலோகம், இரும்பைவிட வேகமாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் இட்லிக் கொப்பரையாக வருஷக்கணக்கில் நீராவியில் வெந்தும் அது துருப்பிடிக்கவில்லை. காரணம், காற்றுப் பட்ட மறுகணமே அதன்மேல் ஒரு படலம் உண்டாகிவிடுகிறது. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் நாலைந்து கூறுகளே கனமுள்ள அந்தப் படலம், இரும்பின் துருவைப்போல் பொருக்கு விட்டு உதிராமல், இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றுக்குக் காட்டாமல் மூடிவிடுகிறது. கீறினால் அந்தக் கீறலும் உடனே மூடிக்கொள்ளும். அதன் உண்மையான சுபாவம் தெரியவேண்டுமானால் படலம் சேரவிடாமல் செய்ய வேண்டும். சிறிது பாதரசம் பட்டால் போதும். படலம் ஒட்டமுடியாமல் போய், வெள்ளை வெள்ளையாக இறகுபோல் வளர்ந்து, கண்ணெதிரே அலுமினியம் பொடியாகிக்கொண்டேயிருக்கும். விமானத்தில் பாதரச வெப்பமானியை எடுத்துச் செல்ல விடாமல் கெடுபிடி செய்வதற்கு இதுவே காரணம். உப்பும் புளிப்பும் சேர்ந்தாலும் படலத்துக்குக் கேடு. ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுவதைப் பார்த்திருப்பார்கள்.

பிராணவாயுவின்மீது அலுமினியத்துக்கு உள்ள தாகத்தை ரயில்வே இலாகா தினந்தோறும் பயன்படுத்திக்கொள்கிறது. இரும்புத் துருவையும் அலுமினியப் பொடியையும் கலந்து மூசையில் இட்டுப் பற்றவைத்தால், அலுமினியம் இரும்பினிடமிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும் வேகத்தில் உஷ்ணம் இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிப்போய், இரும்பு தண்ணீராக உருகி அடியில் தேங்கும். இரண்டு தண்டவாளங்களின் முனைகளைச் சுற்றி மண் அச்சு கட்டி அந்த உருகிய இரும்பை உள்ளே விட்டால், இரண்டும் ஒன்றாகிவிடும். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் 1895-இல் உரிமை பெற்ற முறை இது. மின்சாரமும் இல்லாத வெட்டவெளியில் ராத்திரி நேரத்தில் அவசரமாகத் தண்டவாளம் ஒட்டுவதற்கு இதைவிடச் சௌகரியமான உபாயம் இன்னும் ஏற்படவில்லை. இதன் சாதுவான சிறு வடிவம் ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். கறுத்துப்போன வெள்ளிக் கொலுசை அலுமினியப் பாத்திரத்தில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, கொதிக்கும் நீரும் ஆப்பசோடாவும் விட்டால், வெள்ளியைக் கறுப்பாக்கிய கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொண்டு வெள்ளியை வெள்ளியாகவே திருப்பிக் கொடுத்துவிடும். தேய்த்து மினுக்குவதில் வெள்ளி சிறிது சிறிதாகக் கரைந்துபோவதைப்போல் இதில் நஷ்டமில்லை.

இப்படிப்பட்ட உலோகத்தைக் கனியத்திலிருந்து பிரிப்பது எளிதாக இருக்குமா? 1827-இல் வோலர் பொட்டாசியத்தையும், 1854-இல் பிரெஞ்சுக்காரரான டெவில் சோடியத்தையும் கொண்டு, அதாவது வரிசையில் மேலே நிற்பவற்றின் உதவியால்தான், அதைப் பெறமுடிந்தது. ஆகவே விலை வெள்ளிக்கு நிகராக இருந்தது. வாஷிங்டன் நகரத்து ஞாபக ஸ்தம்பத்துக்கு 1884-இல் அலுமினியத்தால் சிகரம் வைத்தார்கள் என்றால், அதன் மதிப்பு அப்போது அப்படி. இரண்டே வருஷங்களில், ஒருவரையொருவர் அறியாத ஹால் என்னும் அமெரிக்கரும் ஏரூ என்னும் பிரெஞ்சுக்காரரும், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், கிரயோலைட் என்னும் தாதுவை உருக்கி அதில் அலுமினா மண்ணைக் கரைத்து மின்சாரம் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்துபோயிற்று, ஆனால் மின்சாரச் செலவு போகவில்லை. ஒரு கிலோ அலுமினியத்துக்கு இன்றைக்கும் பதின்மூன்று பதினான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டை வைத்து 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை ஏற்பட்டதில், காவிரி அணையின் மின்சாரம் பக்கத்தில் இருந்ததும் ஒரு நிமித்தம்.

வினைத்திறன் என்பதை அளவு கோலிட்டுச் சொல்லும்போதும் ஜாக்கிரதை தேவை. ஹைட்ரஜனைப் பூஜ்யமாக வைத்து வோல்ட் கணக்கில் குறித்தால் துத்தநாகத்துக்கு −0.76, செம்புக்கு +0.34, பொன்னுக்கு ஏறக்குறைய +1.5, பொட்டாசியத்துக்கு −2.93 என்று வரும். எல்லாவற்றுக்கும் உச்சியில் −3.04 என்று நிற்பது லித்தியம். ஆனால் தண்ணீரில் போட்டால் பொட்டாசியம் செய்யும் அமர்க்களத்தை லித்தியம் செய்வதில்லை. அது 180 டிகிரியில்தான் உருகும் ஆகையால் உருகிப் பரவாமல், சாவதானமாகக் கரைகிறது. எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு, எவ்வளவு வேகத்தில் போகும் என்பது வேறு.

இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது இந்த வரிசை காசுபண விஷயமாகிவிடுகிறது. கடற்புழுக்கள் மரத்தைத் துளைக்காமலிருக்க, பிரிட்டிஷ் கடற்படையார் 1761-இல் 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த கப்பலைச் சோதித்தபோது, தகடு கெடாமல் இருந்தது. தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் இடையில் தற்செயலாகச் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு புதிதாகவே இருந்தது. ஏன் என்று சொல்வதற்கு அப்போது யாருக்கும் தெரியாது. வோல்டா அப்போது பள்ளிப் பருவத்தைத் தாண்டிய இளைஞர்.

அறுபது வருஷங்களுக்குப் பிறகு, செம்புத் தகடே கடல்நீரில் கரைந்து வீணாகிறது என்று கடற்படையார் டேவியிடம் வந்தார்கள். அவர் 1824-இல், தகட்டோடு அங்கங்கே இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் பொருத்தும்படி யோசனை சொன்னார். மேலே நிற்பது எலெக்ட்ரானைக் கொடுத்துத் தான் அழிய, கீழே நிற்கும் செம்பு பிழைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு அணுவளவும் தப்பவில்லை. செம்பு கரைவது நின்றது. ஆனால் அதுவரை கடல்நீரில் கரைந்துகொண்டிருந்த அந்தச் செம்பே கொட்டலசையும் பாசியும் கப்பலில் ஒட்டாமல் விஷமிட்டு விரட்டிக்கொண்டிருந்தது என்பது அப்புறம் தெரிந்தது. பாதுகாப்புப் பெற்ற கப்பல்களின் அடியில் அவை கொத்துக் கொத்தாகப் படிந்து வேகத்தைக் குறைத்துவிட, கடற்படையார் டேவியின் துண்டுகளைக் கழற்றியெறிந்தார்கள். சாஸ்திரம் வென்று காரியம் தோற்ற இந்த விவகாரத்தைப்போல் விசித்திரமான ஒன்றை நான் படித்ததில்லை.

மரக்கப்பல் போய் இரும்புக்கப்பல் வந்தபோது டேவியின் யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. தகர வாளிக்கு நாக முலாம் பூசுவதும் அதே தத்துவந்தான். வாளியில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைவதால் இரும்பு துருப்பிடிப்பது வெகுநாள் தள்ளிப்போகிறது. வெள்ளீயம் பூசிய பிஸ்கட் டப்பாவில் நிலைமை நேர்மாறு. வெள்ளீயம் இரும்புக்குக் கீழே நிற்பதால், கீறல் விழுந்த இடத்தில் இரும்பே எலெக்ட்ரானைக் கொடுக்க வேண்டியதாகி, முலாம் இல்லாத டப்பாவைவிட வேகமாக அரித்துப்போகும். கடைக்காரர் நசுங்கிய டப்பாவை மலிவாகத் தந்தாலும் வாங்காமலிருப்பது நல்லது.

உப்புக்காற்று ஓயாமல் வீசும் பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை நூறு வருஷங்களுக்கு மேல் காப்பாற்றுவதற்கு வர்ணமும் பழுதுபார்ப்பும் ஓய்ந்ததே இல்லை. கடைசியில் அது ஓய்வுபெற்று, 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இட்டிருக்கிறார்கள். இந்தத் துருவை ஆராய்வதையே முக்கிய காரியங்களில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததன் பயனாகக் காரைக்குடியில் 1953-இல் திறந்தது. எஃகுக் கப்பல்களின் பின்புறத்தில், வெண்கலச் சுழலிக்கு அருகில், துத்தநாகக் கட்டிகளை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். மண்ணில் புதைந்த எண்ணெய்க் குழாய்களுக்கு மக்னீசியக் கட்டிகள். கப்பல் கரையேறும்போதெல்லாம் கரைந்துபோன கட்டியைக் கழற்றிப் புதியது மாட்டுவார்கள். அடிப்பாகம் முழுவதற்கும் வர்ணம் பூசும் கூலியாட்களிடம், இந்தக் கட்டிகளின்மேல் மட்டும் தூரிகை படக்கூடாது என்று மேஸ்திரி தனியாகச் சொல்லி அனுப்புவார். வர்ணம் மூடிய கட்டி கரையாது, அது கரையாவிட்டால் எஃகு கரையும்.